கடைசி டெஸ்க்கில் ஓர் இடம்: சென்னையில் தந்தி ஆர்கெஸ்ட்ராவில் சேர நினைப்பவருக்கு

ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "கல்யாணத்துக்கெல்லாம் போவீங்களா?" என்பதுதான். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் ரிசப்ஷன் மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு பேடு, இரண்டு பாடகர்கள். நான் சேர்ந்தது வேறு மாதிரி. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில்லால் வாசிக்கும் வாத்தியங்கள் மட்டும் கூடி, மேற்கத்திய முறையில் எழுதிவைத்த இசையை வாசிக்கும் குழு. சம்பளம் கிடையாது. வாரம் ஒரு நாள் ஒத்திகை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரி. பாங்கு ஊழியர், பல் டாக்டர், பிளஸ் டூ மாணவி, ரிட்டயரானவர் என்று கலவையான கூட்டம்.

அந்தச் சத்தம் நமக்குப் புதிதல்ல. இளையராஜா பாட்டின் இடையிசையில் ஏழெட்டு வயலின் ஒன்றாக ஏறிவரும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அதே சத்தம்தான். ஸ்டுடியோவில் அதை வாசிப்பவர்கள் தாளை வைத்ததும் வாசித்துவிடும் தொழில்முறைக் கலைஞர்கள். நாங்கள் அதே நாலு வரியை மூன்று வாரம் உருட்டுவோம்.

சின்ன வயதில் சில வருஷம் வயலின் கற்று, பரீட்சை, வேலை, குழந்தை என்று ஏதோ ஒன்றுக்காக விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானே அந்த ஜாதிதான். வர்ணம் வரை கர்நாடக முறையில் கற்று, காலேஜில் விட்டு, முப்பத்தெட்டு வயதில் மறுபடி எடுத்தேன். இப்போது இரண்டாம் வயலினில் கடைசி டெஸ்க், அதாவது தாள் வைக்கும் கடைசி ஸ்டாண்டு. ஆறு வருஷமாக அங்கேதான், முன்னே போக ஆசையும் இல்லை.

முதலில், பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள்

திறந்ததும் வாசிக்க உட்காராதீர்கள். வில்லின் மயிரைப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்தால் பூச்சி அரித்து, நூல் நூலாகத் தொங்கும். அது குதிரைவால் மயிர். புதிதாகக் கட்டித்தான் ஆகவேண்டும். அப்புறம் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை நேராக நிற்கிறதா, உள்ளே சவுண்ட் போஸ்ட் என்கிற குச்சி விழுந்து உருள்கிறதா என்று பாருங்கள். குச்சி விழுந்திருந்தால் தந்தியை முறுக்கவே கூடாது, மேல்பலகை அமுங்கிவிடும். ஓரங்களை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். எங்காவது 'டொக்' என்பது போய் 'சலசல' என்று கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது. மூன்றுமே ரிப்பேர்க்காரரிடம் போகவேண்டிய சமாசாரம்.

ஒட்டு விடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். வயலினை ஒட்டுவது மிருகத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும். பின்னாளில் பலகையைச் சேதமில்லாமல் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டுமென்றே அப்படி ஒட்டுகிறார்கள். ஆனால் சென்னையில் அந்த வசதியே நமக்கு வினை. கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டு "அஞ்சு நிமிஷம், ஒரு காபி" என்று போனால், திரும்பி வருவதற்குள் கழுத்து சாய்ந்திருக்கும். பெட்டி எப்போதும் உங்களோடு ஓட்டலுக்குள் வரட்டும்.

ஈரக் காற்றில் தந்தியை முறுக்கும் பிருடை உப்பிக்கொண்டு நகராது. ஏசி அறைக்குள் போனதும் சுருங்கி, வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கும். வழுக்குகிற பிருடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ் பொடி தடவுவது நம் ஊர்ப் பழைய வைத்தியம். வில்லின் மயிரும் ஈரத்தில் நீளும். காலையில் முறுக்கிய அளவு மாலையில் தொய்ந்திருக்கும். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்திவிட்டுப் பெட்டியில் வைக்க மறக்காதீர்கள்.

கர்நாடகக் கையை ஆர்கெஸ்ட்ராவுக்குப் பழக்குவது

மேற்கத்திய முறையில் கற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை இதில்தான்.

உட்காரும் விதமே முதல் சங்கடம். சம்மணமிட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசித்தவர்களுக்கு இடது கை சுதந்திரமாக மேலும் கீழும் போய்வரும், ஏனென்றால் வாத்தியத்தைக் கால் தாங்குகிறது. நாற்காலியில் அந்தத் தாங்கல் போய்விடும். தோளும் தாடையும் சேர்ந்து பிடிக்கவேண்டும். முதல் மாதம் கழுத்து வலிக்கும். ஷோல்டர் ரெஸ்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு துண்டு ஸ்பாஞ்சை ரப்பர் பேண்டு போட்டு வயலின் அடியில் மாட்டினாலே பாதி வலி குறையும். தரையில் உட்கார்ந்தே வாசிக்கிறேனே என்று நான் ஒருமுறை கேட்டுப்பார்த்தேன். எல்லோரும் நாற்காலியில் இருக்கும்போது நீங்கள் மட்டும் தரையில் இருந்தால் தாளும் தெரியாது, முன்னே நின்று குழுவை நடத்துபவரின் கையும் தெரியாது.

அடுத்தது சுருதி. நாம் பாடகரின் கட்டைக்கு ஏற்ப ஸ ப ஸ ப என்று சேர்ப்போம். இங்கே தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஸவுக்குப் ப போன்ற தூரம். ஏ என்பது 440 ஹெர்ட்ஸ், போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். தாழ்ந்த சுருதியில் வருஷக்கணக்காக இருந்த பழைய தந்தியை ஈ வரை ஏற்றினால் அறுந்து கன்னத்தில் அடிக்கும். புது செட் போடுங்கள். ஒவ்வொரு தந்தியாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரையும் விழும், குச்சியும் விழும். ஏற்ற ஏற்றக் குதிரை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும், அடிக்கடி பார்த்து நிமிர்த்திவிடுங்கள். பெட்டியில் ஓர் உபரி ஈ தந்தி எப்போதும் இருக்கட்டும்.

அப்புறம் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. இதுதான் மனசுக்குக் கஷ்டம். சங்கராபரணத்தில் ரியும் கவும் ஆடாமல் நின்றால் நம் காதுக்கு உப்பில்லாத சோறு. ஆனால் பத்து வயலின் ஒரே வரியை வாசிக்கும்போது ஒருவர் மட்டும் அசைத்தால் ஒட்டுமொத்தச் சத்தமும் கலங்கும். விரல் சுரத்தில் நேராக விழவேண்டும், ஜாரு போட்டு வழுக்கி வந்து சேரக் கூடாது. என் முதல் வாரங்களில் எங்களை நடத்துபவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "யாரோ இங்கே அழகா ஒரு ஜாரு போடறாங்க. நல்லா இருக்கு. வேண்டாம்" என்றார். யார் என்று அவர் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல பாலம் நம் வீட்டிலேயே இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுத்தான் அது கர்நாடக இசைக்குள் வந்தது என்று படித்திருப்பீர்கள். அண்ணன், கோட்டைப் பக்கம் கேட்ட பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் போட்டார். சின்ன வயதில் 'சக்தி ஸஹித கணபதிம்' வாசித்தோமே, அந்த நோட்டுஸ்வரங்கள்தான். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு. கமகம் இல்லாமல் நேராக வாசிக்க நம் விரல் ஏற்கெனவே கற்ற உருப்படிகள் இவை. ஸ்டாஃப் நோட்டேஷன் என்ற மேற்கத்திய எழுத்துமுறையைப் படிக்கப் பழகும்போதும் இவற்றிலேயே ஆரம்பியுங்கள். ஸ ரி க ம தெரிந்த ஒரு நோட்டுஸ்வரத்தை ஐந்து கோட்டுத் தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். கைக்குத் தெரிந்ததைக் கண் பின்தொடரும். தெரியாத பாட்டில் ஆரம்பித்தால் கையும் கண்ணும் சேர்ந்து தடுமாறும்.

படிக்கிறபோது நம்மவர் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. நமக்கு ஸ அசையாது. மேற்கத்திய இசையில் பாட்டின் நடுவே ஸ இடம் மாறும். ஜி-யில் ஆரம்பித்த பாட்டு பாதியில் டி-க்குப் போய் அங்கே வீடு கட்டிக்கொள்ளும். நமக்கு அது கிரகபேதம் மாதிரி, வேறொரு சுரத்தை ஸ ஆக்கிக்கொள்வது. ஸ ரி க என்று மனசுக்குள் பாடிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் தலை சுற்றும். அதனால் சுரத்தின் பெயரை விட்டு விரலைப் பிடியுங்கள். ஏ தந்தியில் முதல் விரல் பி. இரண்டாம் விரல் அதை ஒட்டி விழுந்தால் சி, மூன்றாம் விரலை ஒட்டி விழுந்தால் சி ஷார்ப். மூன்றாம் விரல் டி. இந்த இரண்டாம் விரல் எங்கே விழுகிறது என்பதுதான் ஆரம்பத்தில் பாதி விஷயம். என் பழைய தாள்களில் இரண்டாம் விரலுக்கு மேலெல்லாம் அம்புக்குறியாக இருக்கும்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. மேஜர் ஸ்கேல் என்று பயமுறுத்துவது சங்கராபரணம். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. தாளக் கணக்கில் நாம் அவர்களைவிடத் தேறியவர்கள். 4/4-ல் ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை, இரண்டு பார் சேர்ந்தால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை வந்துவிடும். எட்டு பார் சும்மா இருந்துவிட்டு ஒன்பதாவதில் எடுக்கவேண்டும் என்றால், தொடைமேல் விரல் விட்டு நாலு ஆவர்த்தனம் எண்ணுங்கள். சத்தம் வராமல்.

கடைசியாக வில். கர்நாடக வயலினில் வில் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பிரிவே ஒரே பக்கம் இழுத்து ஒரே பக்கம் தள்ளும். கால் உடைந்த சதுரம் மாதிரி குறி இருந்தால் மேலிருந்து கீழே இழுக்க, ஆங்கில வி மாதிரி இருந்தால் கீழிருந்து மேலே தள்ள. முன்னே இருக்கும் தலைவர் தீர்மானிப்பார், நீங்கள் பென்சிலால் குறித்துக்கொள்வீர்கள். சுரம் தப்பினால் கேட்பவருக்குத் தெரியாமல் போகலாம். வில் தப்பினால் கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும்.

குழுவைக் கண்டுபிடிப்பது

இப்படிப்பட்ட குழுக்கள் சென்னையில் அதிகம் இல்லை, இருப்பவையும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. வாய்வழிதான். அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல்ஸ் போன்ற பழைய வாத்தியக் கடைகளில் தந்தி வாங்கும்போது பேச்சுக் கொடுங்கள். மேற்கத்திய வயலினை டிரினிட்டி கிரேடு தேர்வுகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு யார் எங்கே கூடுகிறார்கள் என்று தெரியும். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி வந்த பிறகு செல்லோவும் வியோலாவும் வாசிக்கும் இளைஞர்களை ஊரில் பார்க்க முடிகிறது. அவர்களுடைய மாணவர் கச்சேரிகளுக்குப் போய், முடிந்ததும் மேடைப் பக்கம் போய்ப் பேசுங்கள்.

நல்ல நுழைவாயில் சர்ச்சுகள். வேப்பேரி, பெரம்பூர், எழும்பூர் பக்கம் நவம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைகள் ஆரம்பிக்கும். பாடகர் குழுவோடு நாலு வயலின் வாசித்தால் நன்றாக இருக்கும் என்று தேடுவார்கள். கேரலில் உங்கள் பகுதி சுலபமாகத்தான் இருக்கும். மதம் யாரும் கேட்கமாட்டார்கள். மார்கழி சீசனும் அதே நேரம் என்பதுதான் நம்மவர்களுக்குப் பிரச்சினை. எங்கள் குழுவில் டிசம்பர் 15-க்குப் பிறகு பாதிப் பேர் சபா கேண்டீனில்தான் இருப்பார்கள். ஜனவரி மத்தியில் சேர்வது நல்லது.

கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். "பன்னிரண்டு வருஷம் வாசிக்கிறேன்" என்பதைவிட, "ஏழு வருஷம் கர்நாடக முறையில் கற்றேன், பதினெட்டு வருஷம் விட்டுவிட்டேன், ஸ்டாஃப் நோட்டேஷன் மெதுவாகத்தான் படிப்பேன், கையை மேலே நகர்த்தாத முதல் பொசிஷன் மட்டும் வரும்" என்பது நடத்துபவருக்கு ஆயிரம் மடங்கு உபயோகம். அப்புறம் நீங்களும் கேளுங்கள்: ஒத்திகை எங்கே, என்று, ஹால் வாடகையில் பங்கு எவ்வளவு, சேருமுன் ஒருநாள் சும்மா வந்து உட்காரலாமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்று சொல்லும் குழு உங்களுக்கு ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஒத்திகை

பதினைந்து நிமிஷம் முன்னால் போங்கள். பெட்டியைத் திறந்துவைத்து வாத்தியம் அந்த அறையின் குளிருக்குப் பழகிய பிறகு சுருதி சேருங்கள். பையில் இருக்கவேண்டியவை: வில்லில் தேய்க்கும் ரோசின், பென்சில், அழிப்பான், உபரித் தந்தி, துணி கிளிப் நாலு. கிளிப் எதற்கென்றால், மேலே ஓடும் ஃபேனில் தாள் பறக்காமல் ஸ்டாண்டில் மாட்ட. ஆர்கெஸ்ட்ரா பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதில் இந்த கிளிப் வராது. கொசுவும் வராது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கணுக்காலில் கொசு கடித்தால் என்ன செய்வது என்பதற்கு எனக்கும் இன்னும் விடை தெரியாது. சாக்ஸ் போட்டுப் போகிறேன்.

இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, அதைத்தான் டெஸ்க் என்கிறோம். சபையின் பக்கம் இருப்பவர் தொடர்ந்து வாசிப்பார், உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்புவார். புதியவரைப் பெரும்பாலும் உள்பக்கம் உட்காரவைப்பார்கள். தாளைத் திருப்புவதும் வாசிப்பில் சேர்ந்த வேலைதான். இரண்டு பார் முன்பே வாசிப்பதை விட்டுவிட்டுத் திருப்புங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

நடத்துபவரைக் கண்டக்டர் என்பார்கள். கண்டக்டர் என்றதும் நமக்குத் தோளில் பை மாட்டி "உள்ள போ, உள்ள போ" என்பவர்தான் ஞாபகம் வருவார். அந்த ஞாபகம் வீண் போகாது. என் முதல் ஒத்திகையில் மூன்றாவது வரியிலேயே தொலைந்துபோனேன். எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். நான் விட்ட சுரங்களைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். பக்கத்தில் இருந்தவர் ரயில்வேயில் ரிட்டயரான பெரம்பூர்க்காரர், நாற்பது வருஷம் சர்ச்சில் வாசித்தவர். வில்லை நிறுத்தாமலே தலையைச் சாய்த்து, "தம்பி, ஓடற பஸ்ஸைத் துரத்தாதே. அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கோ" என்றார். அவர் கண் தாளில் இருந்த 'பி' என்ற பெரிய எழுத்தைக் காட்டியது.

எழுதிய இசையில் சில இடங்களுக்கு மேல் ஏ, பி, சி என்று கட்டம் போட்ட எழுத்துகள் இருக்கும். "பி-யிலிருந்து" என்று நடத்துபவர் சொன்னால் எல்லோரும் அங்கே சேருவதற்காக. தொலைந்தவனுக்கு அவைதான் பஸ் ஸ்டாப். வாசிப்பதை நிறுத்துங்கள். ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணிக்கையை மட்டும் பிடியுங்கள். அடுத்த எழுத்து வரும்வரை காத்திருங்கள். அங்கே எல்லோரோடும் ஏறுங்கள். சுரத்தை விடலாம், எண்ணிக்கையை விடக்கூடாது. வீட்டில் தனியாக வாசித்துப் பழகியவர்களுக்கு நேர்மாறான பழக்கம்: தப்பு வந்தால் நின்று, திருத்தி, மறுபடி வாசிப்போம். இங்கே திருத்தப் போனால் தொலைந்தோம்.

வேகமான இடம் கைக்கு எட்டவில்லை என்றால் என்ன செய்வது? பதினாறு சுரத்தில் நாலுக்கு ஒன்று, அந்தந்த எண்ணிக்கையின் முதல் சுரத்தை மட்டும் வாசியுங்கள். வில் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்தே ஆடட்டும். ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பீர்கள். அழுக்காக வாசித்த பதினாறைவிடச் சுத்தமான நாலு குழுவுக்கு மேல். அடுத்த வாரம் எட்டு வரும்.

சத்தத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உங்களுக்குக் கேட்கவேண்டும். உங்கள் வயலின் மட்டும் கேட்டால் நீங்கள் அதிகம் வாசிக்கிறீர்கள். இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம்தரம் என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் வயலினுக்கு மெட்டு இருக்கிறது, அது அவர்களையே இழுத்துக்கொண்டு போகும். நமக்கு இருப்பது நடுவில் ஓடும் தாளமும் இசைவும். அதைப் பிடிக்கக் காது கூடுதலாக வேலை செய்யவேண்டும். தனியாகக் கேட்டால் சப்பென்றிருக்கும், முழுக்குழுவில் எடுத்துவிட்டால் கட்டடமே ஆடும்.

நடத்துபவர் கையை இறக்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். அவர் செல்லோக்காரர்களிடம் பேசும்போது நீங்கள் ஒரு கடினமான இடத்தை மெதுவாக வாசித்துப் பார்க்காதீர்கள். எல்லோரும் அப்படி நினைத்தால் மீன் மார்க்கெட்தான். சந்தேகம் இருந்தால் முதலில் டெஸ்க் துணையிடம், அப்புறம் உங்கள் பிரிவின் தலைவரிடம். எடுத்த எடுப்பில் கண்டக்டரிடம் கையைத் தூக்குவது புதியவர்கள் செய்யும் வேலை. நானும் செய்தேன்.

அதைவிடப் பெரியதும் ஒன்று செய்தேன். குழு கொடுத்த தாள் பழுப்பேறி, பென்சில் கிறுக்கலாக இருந்ததால், நெட்டிலிருந்து அழகான புது பிரிண்ட் எடுத்துப் போனேன். கச்சேரி அன்று ஓரிடத்தில் மொத்தக் குழுவும் ஒரு பார் அமைதியாக நிற்கவேண்டும். நான் மட்டும் அடித்து வாசித்தேன், தனி ஆவர்த்தனம். ஹாலில் முன்வரிசையில் ஒரு பாப்பா சிரித்தது. பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தால், யாரோ எப்போதோ அந்த இடத்தில் இரட்டை வட்டம் போட்டு "வாசிக்காதே!!" என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டில்

தினம் இருபது நிமிஷம் போதும், ஆனால் தினம். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது சாதகம் அல்ல, பொழுதுபோக்கு. எங்கே தடுக்கியதோ அந்த நாலு பாரை, காலத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோநோம் வைத்துப் பாதி வேகத்தில் வாசியுங்கள். பஸ்ஸில் போகும்போது நல்ல பதிவொன்றைக் காதில் மாட்டி, தாளைக் கண்ணால் பின்தொடருங்கள், இது வாசிப்பதற்குச் சமம். ஃபிளாட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் குதிரையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் மியூட் வாங்குங்கள்.

குழுவே கிடைக்காவிட்டால்

நாலு பேர் போதும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா கிடைக்காது, உலகத்தில் எங்குமே அதற்குத் தட்டுப்பாடுதான். வியோலாவின் வரியை வயலினுக்கு மாற்றி எழுதிய 'மூன்றாம் வயலின்' தாள்கள் பல பள்ளி ஆர்கெஸ்ட்ரா பதிப்புகளோடு வரும். வயலின் வாசிக்கும் உங்களில் யாருக்காவது கை கொஞ்சம் நீளமாக இருந்தால் வியோலாவுக்கு மாறச் சொல்லுங்கள். தந்திகள் சி, ஜி, டி, ஏ. ஆல்டோ கிளெஃப் என்ற வேறு குறியில் எழுதியிருக்கும். இரண்டு மாதத்தில் பழகும். அதற்குப் பிறகு அவரை எந்தக் குழுவும் விடாது. செல்லோ வாங்குமுன் அது ஆட்டோவில் ஏறுமா, வீட்டில் எந்த மூலையில் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என்ன வாசிப்பது? ஆசைப்பட்டு மோட்சார்ட்டின் 1787-ம் வருஷத்து ஜி மேஜர் செரினேடில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அதனாலேயே தப்பும் எல்லோருக்கும் தெரியும். நான் பாகெல்பெல்லின் டி மேஜர் கேனனைச் சொல்வேன். மூன்று வயலினுக்கும் ஒரே வரி, இரண்டு பார் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக எடுப்பார்கள். ஒருவர் கற்றால் மூவரும் கற்ற மாதிரி. செல்லோவுக்கு மொத்தமே எட்டு சுரம்: ஸ ப த க ம ஸ ம ப. அதையே 28 தடவை வாசிக்கவேண்டும். எங்கள் செல்லோ அக்கா அதற்குள் மறுநாள் டிபனுக்கு என்ன என்று யோசித்து முடித்துவிடுவதாகச் சொல்வார். வேகமான பகுதிகளை முதலில் விட்டுவிடலாம், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். அடுத்து கொரெல்லி, விவால்டி. கொஞ்சம் தேறியதும் ஹோல்ஸ்ட் லண்டனில் தான் பாடம் நடத்திய பெண்கள் பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதிய சூட் என்ற தொகுப்பு இசை; மாணவிகளுக்காக எழுதியது என்பதால் கைக்கு இதமாக இருக்கும்.

தாள்களை ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாக இறக்கலாம். இங்கே காப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரை. மேலே சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கைத் தாண்டியவர்கள். சினிமாப் பாட்டை நீங்களே தந்திக்கு மாற்றி எழுத நினைத்தால் அனுமதி வேண்டும். ஆனால் 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு சலுகை உண்டு: அமெச்சூர் சங்கம் டிக்கெட் இல்லாமல் நடத்தும் நிகழ்ச்சியில் ஒரு இசைப் படைப்பை வாசிப்பது மீறல் ஆகாது. வாசிப்பதற்குத்தான் அந்தச் சலுகை, தாளை ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு அல்ல.

மேடைக்கு முன்

ஹால் பேசும்போது மேடை அளவைவிட நாற்காலியைப் பாருங்கள். நம் ஊர் ஹால்களில் இருப்பதெல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வலது முழங்கை ஒவ்வொரு இழுப்புக்கும் இடிக்கும். செல்லோவுக்கு உட்காரவே முடியாது. கையில்லாத நாற்காலி இருபது வாடகைக்கு எடுங்கள், வேறெதில் சிக்கனம் செய்தாலும் பரவாயில்லை. செல்லோவின் அடிமுனை மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டி, நடுவில் சின்னப் பள்ளம் குடைந்து, கயிற்றால் நாற்காலிக் காலில் கட்டிவிடுங்கள். விலைக்கு விற்கும் எதுவும் இதைவிட நன்றாக நிற்காது.

கறுப்புச் சட்டை என்று சொல்வார்கள். பருத்தியில் வாங்குங்கள். கரண்டு போனால் தாள் தெரிய ஸ்டாண்டில் மாட்டும் சின்ன விளக்கு இருந்தால் நல்லது. நாங்கள் ஒருமுறை கேனனின் பாதியில் இருட்டில் மாட்டினோம். எட்டு சுரக்காரர் மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். நாற்காலிகளை அடுக்க எப்போதும் ஆள் குறைவு. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் பென்சில் குறிகளை அழிக்காதீர்கள். அந்த டெஸ்க்கில் அடுத்து உட்காருபவர் எங்கே தொலைவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "வாசிக்காதே!!" என்ற அந்தப் பழைய தாளில் நான் மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறேன், சிவப்புப் பென்சிலில்.